நாத்தனார் வீட்டுச் சிப்பி

1.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. என் நாத்தனாரின் சமையலறையிலிருந்து வந்தது. “வீட்டு விஷயத்த எழுதாத” என்று என் கணவர் சொன்ன மறுநாளே தொடங்கினேன். நோட்டை மேசைமேல் விரித்து வைத்துத்தான் எழுதினேன். அவரும் வந்து படித்தார்.

முதல் தொடக்கம்: ‘கடல் அன்று அமைதியாக...’

(வேண்டாம். கதையில் கடலே இல்லை. மீன் சந்தையில் வாங்கிய ஒரு பை சிப்பிதான் இருக்கிறது. முத்தும் கிடையாது, காத்திருக்காதீர்கள்.)

2.

அவள் பூட்டு சாவிக் கடை வைத்திருக்கிறாள். கணவனை விட்டு வந்தபிறகு தானே தொடங்கிய கடை. அதை மூடிவிட்டு எங்கள் வீட்டோடு வந்து இருக்கச் சொல்லத்தான் அவள் அண்ணன், அதாவது என் கணவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கிளம்பினார். நானும் கூடப் போனேன்.

அவள் சிப்பி ஓடுகளைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். வாய் திறந்து கிடந்த ஒன்றைத் தட்டிப் பார்த்தாள். மூடவில்லை, செத்தது என்று குப்பையில் போட்டாள். மற்றவற்றைக் குழிந்த பக்கம் கீழே இருக்கும்படி கம்பி வலைமேல் அடுக்கி அடுப்பைப் பற்றவைத்தாள்.

“ஒத்த ஆளுக்கு எதுக்கு இவ்வளவு?” என்றார் கணவர்.

“ஒத்த ஆளுன்னா பசிக்காதாண்ணே?”

3.

[இந்த இடத்தில் அவளை அழவைத்திருந்தேன். ‘அவள் கண்களில் நீர்’ என்று பாதியில் நின்ற வாக்கியம் இன்னும் கிடக்கிறது. கணவருக்குப் பிடித்த ஒரே வரி அதுதான். அவள் அழவில்லை. வெங்காயம்கூட நறுக்கவில்லை.]

சிப்பிகள் லேசாக வாய் பிளந்து நுரைத்தன. கத்தியை நுழைத்துத் திருகி, உள்ளே இருந்த சாறு சிந்தாமல் மேலோட்டை எடுத்தாள். வெண்ணெயில் வதக்கிய பூண்டும் மிளகும் போட்டு எலுமிச்சை பிழிந்தாள். நின்றபடியே ஒன்றை ஓட்டோடு வாயில் சாய்த்துக் கண்ணை மூடினாள். விரலில் வழிந்ததையும் விடவில்லை. அவ்வளவு பெரிய விஷயம் பேச வந்த அண்ணனுக்கு எதிரிலேயே.

“கடைய மூடிட்டு வந்துரு. நாலு பேரு என்ன பேசுவாங்க?”

“அந்த நாலு பேரும் எங்கிட்டதான் சாவி போட வர்றாங்க. நான் வரலண்ணே. சாப்பிடறியா, இல்லையா?”

4.

முடிவு ஒன்று: அண்ணன் ஒரு சிப்பியைத் தின்கிறார், மனம் இளகுகிறது. (பொய். அவர் தொடவே இல்லை.)

முடிவு இரண்டு: தட்டைத் தள்ளிவிடுகிறார். (அதுவும் பொய். அவர் அவ்வளவு மோசமில்லை.)

நடந்தது இதுதான். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு அவர் கூப்பிட்டார்: “வா, போலாம்.”

அவள் தட்டை என் பக்கம் நகர்த்தினாள். “அண்ணி, உங்களுக்கு?”

கல்யாணமான நாளிலிருந்து அவர் கூப்பிட்டால் எழுந்தே பழகிய கால்கள் என்னுடையவை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். முதலில் உப்பு, பிறகு வெண்ணெய், அதற்கடியில் கொஞ்சம் இனிப்பு. இவ்வளவு வழுவழுப்பான ஒன்றை மெல்ல வேண்டுமா, விழுங்க வேண்டுமா என்று யோசிப்பதற்குள் தொண்டையில் இறங்கிவிட்டது.

“இன்னொண்ணு வை” என்றேன், வாசலுக்குக் கேட்கும்படி.

5.

“கடைசிப் பகுதிய எடுத்துடு” என்கிறார் கணவர். எடுக்கவில்லை, இப்போதுதான் படித்தீர்கள்.

அன்று வீட்டுக்குப் போனதும் என்ன நடந்தது என்பதை எழுத மாட்டேன். வேண்டுமானால் அவர் பக்கம் நின்று நீங்களே ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள். சண்டை வையுங்கள், சமாதானம் வையுங்கள், என்னை மன்னிப்புக் கேட்கக்கூட வையுங்கள். ஆனால் அதற்கு முதலில் என்னை அந்த நாற்காலியிலிருந்து எழுப்ப வேண்டும். நான் இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை.