மேஸ்திரி போட்ட கமா

யுத்தம் முடிந்த வருஷம், தூத்துக்குடித் துறைமுக மேஸ்திரிகளுக்குச் சாயங்காலத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க பிலோமினா ஒப்புக்கொண்டாள். எதிரே உட்கார்ந்தவர்கள் எல்லாரும் அவளைவிட மூத்தவர்கள். அவளுக்கு அதில் தயக்கமே இல்லை.

கமா பாடம் தொடங்கியதும் தாணுலிங்கம் மேஸ்திரி எழுந்துவிட்டார்.

"கொசுக்கால் மாதிரி ஒரு கோடு. இதுக்கு ஒரு பாடமா டீச்சர்? நாளைலேருந்து நான் வரல."

"இத மட்டும் பாத்துட்டுப் போங்க அண்ணாச்சி. நாளைக்கு லீவானு துரைகிட்ட கேக்கீங்க. அவரு இப்படி எழுதி அனுப்புதாரு." பலகையில் 'நோ வொர்க் டுமாரோ' என்று ஆங்கிலத்தில் எழுதினாள். "என்ன செய்வீங்க?"

"வேலை இல்லன்னு ஆளுகள நிப்பாட்டிருவேன்."

'நோ'வுக்குப் பின்னால் ஒரு கமா போட்டாள். "இப்ப அங்கன நிறுத்தி வாசிங்க."

"நோ... வொர்க் டுமாரோ." அவர் முகம் மாறியது. "ஐயையோ, லீவு கிடையாதா! கப்பல் ஆளில்லாமல்லா நிக்கும்!"

வகுப்பே சிரித்தது, அவரும் சிரித்துவிட்டார்.

"அப்ப நாளைக்கு வரமாட்டீங்களா?"

தாணுலிங்கம் சாக்பீஸை வாங்கி, எழுத்தெழுத்தாக 'நோ, ஐ கமிங் டுமாரோ' என்று எழுதினார். கமா சரியான இடத்தில் அழுத்தமாக விழுந்திருந்தது.

'ஐ ஆம்' என்று வரவேண்டிய இடத்தை மட்டும் திருத்திவிட்டு, பிலோமினா அடுத்த பாடத்துக்குப் போனாள்.