காயாரோகணம் பிள்ளைக்கு வேண்டிய பட்டம்

உலகத்தில் எத்தனையோ சாம்ராஜ்யங்கள் ஒரே ஒரு சொல்லுக்காக எழுந்தும் விழுந்தும் இருக்கின்றன. கீழ்வேளூர்ப் பக்கத்து மிராசுதார் காயாரோகணம் பிள்ளைக்கு அந்தச் சொல் ‘சார்’. அவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

செல்லத்துரையைக் கூப்பிட்டார்கள். பிள்ளையின் வயலில் நாற்றுப் பறிக்கும் எல்லையம்மாளின் மகன். படித்து, நில உச்சவரம்பு ஆபீசில் கிளார்க் ஆகிவிட்டார். டீக்கடையில் சார், பஸ்ஸில் சார். பிள்ளையின் காரியஸ்தர் சாரங்கபாணியே ஒருநாள் சைக்கிளிலிருந்து குதித்து இறங்கி, “வணக்கம் சார்” என்றார். அன்று பிள்ளை ரசத்தோடு இலையை மூடிவிட்டார்.

“நமக்குத்தான் ‘ஆண்டே’ இருக்குங்களே” என்று சமாதானம் சொன்னார் சாரங்கபாணி.

“செங்கொடி பிடிச்சதிலேருந்து அதையும் பாதிப் பேர் விட்டுட்டான்யா.”

ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் இருதயசாமி டிக்‌ஷனரியோடு வரவழைக்கப்பட்டார்.

“லத்தீன்ல மூத்தவர்னு அர்த்தம். பிரெஞ்சுக்காரன் வாயில பிரபுன்னு ஆச்சு. இங்கிலாந்துல ராஜா தோள்ல வாளை வெச்சுக் கொடுக்கற பட்டம். அந்தக் காலத்துல அவங்களுக்கு நிலமும் இருக்கும். இப்ப மளிகைக் கடையில கூட…”

“நிலமும் இருக்கும்னீங்களே, அதோட நிறுத்துங்க.”

மறுநாள் களத்தில் உத்தரவு போட்டார்: இனி எல்லோரும் சார் என்றே கூப்பிட வேண்டும்.

“ஆகட்டுங்க ஆண்டே” என்றாள் எல்லையம்மாள். “எம் மவனையும் அப்படித்தான் கூப்பிடுறாங்க. மொதல்ல கூச்சமா இருக்கும். போகப் போகப் பழகிடும் ஆண்டே.”

அடுத்த வாரம் உச்சவரம்பு விசாரணை. காகிதத்தில் பிள்ளைக்கு இருந்தது சட்டம் அனுமதித்த பதினைந்து ஏக்கர். மீதி இருநூற்றெழுபது ஏக்கரும் சமையல்காரர், செத்துப்போன அத்தை, கல்யாணமே ஆகாத மச்சினனின் மூன்று பிள்ளைகள் பெயரில் இருந்தது. “வாயை மட்டும் திறக்காதீங்க” என்று வக்கீல் வாசலிலேயே கும்பிட்டுச் சொல்லியிருந்தார்.

உள்ளே செல்லத்துரை எழுந்து நாற்காலியைக் காட்டினார். “உட்காருங்க பெரியவரே.”

லத்தீன்படி பார்த்தால் அது சரியான சொல்தான். பிள்ளை பொறுத்துக்கொண்டார். அப்போது பியூன் கலந்தர் ஒரு தம்ளரோடு வந்து, அவரைத் தாண்டிப்போய், “சார், தண்ணி” என்று செல்லத்துரையிடம் நீட்டினார்.

“யாருடா இங்க சார்?” பிள்ளை எழுந்துவிட்டார். “அது நிலம் உள்ளவனுக்கு உண்டான பட்டம்! ஒரு குழி நிலம் இல்லாத இவன் சார்னா, இருநூத்தி எண்பத்தஞ்சு ஏக்கர் வெச்சிருக்கற நான் யாரு?”

வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். விசாரணை அதிகாரி எழுதிக்கொள்ளும்படி தலையசைத்தார். செல்லத்துரை எழுதினார், எழுதி முடித்துக் காகிதத்தைப் பிள்ளையின் பக்கம் திருப்பினார்.

“நீங்க சொன்னதுதானான்னு படிச்சுப் பாருங்க சார். சரியா இருந்தா கையெழுத்துப் போடுங்க சார்.”

இரண்டு சார். பிள்ளைக்குக் காது குளிர்ந்தது.

வக்கீல் எட்டிக் கையைப் பிடிப்பதற்குள் கையெழுத்து விழுந்துவிட்டது. பெயருக்கு முன்னால் ‘சார்’ என்று தன் கைப்படவே சேர்த்திருந்தார்.