கொண்டைப் பாம்பைக் கண்டவர்

பாதுகாப்புத் துறை ஆய்வகம் ஒன்றில் வேலை பார்த்த திருநாவுக்கரசு, காலை நடைக்குப் போன இடத்தில் ஒரு மயிலைப் பார்த்து ஓடினார். நடந்தது அவ்வளவுதான். குடியிருப்பை ஒட்டிய காட்டில், புதருக்கு மேலே நீலக் கழுத்தும் கொண்டையும் மட்டும் எழும்பியதும், விழுந்தடித்து வாசல்வரை வந்துவிட்டார். திரும்பிப் பார்த்தபோதுதான் அது தோகையை இழுத்துக்கொண்டு பாதையைக் கடந்து மறைந்தது. அவர் ஓடி வந்ததைப் பார்த்து எதிர்வீட்டு லட்சுமணனும் நாலைந்து பேரும் சூழ்ந்துகொண்டார்கள்.

மயிலுக்குப் பயந்தேன் என்று சொல்ல நா எழவில்லை.

"கொண்டைப் பாம்புய்யா. சேவல் கணக்கா கூவுச்சு. எங்க தென்காசி மலையில உண்டும்பாங்க. இங்கயும் கெடக்கு, பாத்துக்கிடுங்க."

மாலைக்குள் கதை பல தெரு தாண்டி மல்காஜ்கிரி வரை போய்விட்டது. அதன் மூச்சுப் பட்டாலே உடம்பு கருகுமாம். பாம்பு பிடிப்பவர் ஒருவர் வந்து தேடிவிட்டு, அப்படி ஒரு பாம்பே உலகத்தில் இல்லை என்றார். "கண்ணால பார்த்தவர் இருக்கிறாரே" என்று அவரை அனுப்பிவைத்தார்கள். திருநாவுக்கரசுக்கு உள்ளூர அது பிடித்தும் இருந்தது.

மூன்று வாரம் கழித்து ஒருநாள், வீட்டு வேலைக்கு வரும் சாவித்ரி அடுக்களையில் உட்கார்ந்து வீங்கிய முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பூர்வீகம் வேலூர்ப் பக்கம். பிறந்து வளர்ந்ததெல்லாம் இந்தத் தெலுங்கு ஊரில்தான்.

"கால்ல என்னம்மா?"

"காட்டு வழி நக்கோ, வேணாம்னு விட்டுட்டேன் சார். மெயின் ரோடு சுத்தி வரேன், முக்கால் மணி நேரம் ஆவுது." சிரித்தாள். "நீங்க தப்பிச்சு வந்தீங்களே, நாகுல பஞ்சமிக்கு உங்க பேரச் சொல்லி புத்துல பால் ஊத்தினேன்."

அவருக்கு முகம் எரிந்தது. மனைவி மங்கையர்க்கரசி கேட்டுக்கொண்டுதான் நின்றாள்.

"அது பாம்பு இல்லம்மா. மயிலு. பயந்து ஓடினதச் சொல்ல வெக்கப்பட்டுப் பொய் சொல்லிட்டேன்."

சாவித்ரி தலையாட்டினாள். "என் பயம் தெளியட்டும்னு சொல்றீங்க. என் மருமகனே நேத்து அது கூவுறதைக் கேட்டிருக்கான் சார்."

குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவிலும் உண்மையை எழுதினார். நாலு பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். விளையாடாதீர்கள் என்றார் லட்சுமணன்.

மறுநாள் வேலை முடிந்து கிளம்பிய சாவித்ரியை, பாம்பு இல்லை என்று காட்டிவிட, காட்டு வழியாக அழைத்துப் போனார். அவள் மாட்டேன் என்று சொல்லவில்லை. ஒரு கம்பை ஒடித்து எடுத்துக்கொண்டு, அந்த வீங்கிய காலோடு முன்னால் போய் நின்றாள்.

"நீங்க பின்னாடியே வாங்க சார். ஒருதரம் பார்த்தவங்களை அது விடாதாம்."

திருநாவுக்கரசு தலை நிமிராமல் பின்னால் நடந்தார்.