முப்பத்தெட்டாவது பலகை

மூன்று லென்ஸையும் கட்டில்மேல் வைத்துக்கொண்டு ஓமனா யோசித்தாள். மற்ற வருஷங்களில் யோசனைக்கே வேலையில்லை. நீள லென்ஸோடு போய் படகுப் பந்தயத்தின் முடிவுக் கோட்டு மேடையில் நின்றால் போதும். ஊர் வள்ளம் நேராக முகத்துக்கு வரும்; நூறு துடுப்புக்காரர்களையும் நெருக்கி ஒரே உடம்பாக்கிக் காட்டிவிடும் அந்த லென்ஸ். ஊர் வாசகசாலைச் சுவரில் பதினாறு வருஷமாக அந்தப் படங்கள்தான் தொங்குகின்றன. அத்தனையிலும் அவள் புருஷன் உதயன் இருக்கிறான், ஒன்றிலும் தெரியமாட்டான். அவன் உட்காருவது முப்பத்தெட்டாவது பலகை, வலது பக்கம். முன்னாலிருப்பவன் தோளோ தெறிக்கிற தண்ணீரோ மறைத்துவிடும்.

அவனுக்கு இதுதான் கடைசிப் பந்தயம். வலது தோள் போய்விட்டது, துடுப்பையே தொடக்கூடாது என்று டாக்டர் சொன்னது வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது.

"கோட்டுக்கு முன்னால வலது கரைல ஒரு படித்துறை இருக்குல்ல, அங்க நிக்கறேன். நடு லென்ஸ் போதும். மேல் படில நின்னா தண்ணிக்கு மேல மூஞ்சி தெரியும்."

"எடி, கிறுக்கா உனக்கு? வள்ளம் ஜெயிக்கறத விட்டுட்டு என் மூஞ்சிய எடுப்பியா?"

"பதினாறு வருஷமா வள்ளத்து மூக்கத்தான் எடுத்தேன் சேட்டா. அது எனக்குத் தாலி கட்டல. தலைல அந்தச் சிவப்புத் துண்டக் கட்டிக்கோ, தேட வேண்டாம்."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. உள்ளூரப் பிடித்திருந்தது போல. துண்டைத் தானே எடுத்து வைத்துக்கொண்டான்.

நல்லவேளை, ஊர் வள்ளத்துக்கு சீட்டுக் குலுக்கலில் வலது கரையோரத் தடமே விழுந்தது. வெயில் அவள் முதுகுக்குப் பின்னால். வள்ளம் சீறிக்கொண்டு வந்தது, சிவப்புத் துண்டு வந்தது, விரலை எடுக்காமல் அழுத்தினாள். பதினோரு படம். அதற்குள் வள்ளம் தாண்டிப் போயிற்று. கொஞ்ச நேரத்தில் கோட்டருகே எழுந்த கூச்சல் அடுத்த ஊர்க்காரர்களுடையது. அரை முழத்தில் கோப்பை போய்விட்டதாம்.

படியிலேயே உட்கார்ந்து படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தாள். உதயன் முகம் அவ்வளவு தெளிவு. பல்லைக் கடித்திருக்கிறான், கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது. பக்கத்தில் இருப்பவர்களின் துடுப்பெல்லாம் கைப்பிடிவரை தண்ணீருக்குள் இருக்க, அவனுடையது மட்டும் ஒரு சாண் மேலே. அடுத்த படத்திலும் அப்படியே. பதினொன்றில் ஒன்றில்கூட அவன் துடுப்பு தண்ணீருக்குள் இல்லை. தாளம் தப்பவில்லை, தண்ணீரைத்தான் தொடவில்லை. அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. அந்த இடத்தில் வேறொருவன் உட்கார்ந்திருக்கலாமே! பிறகு அந்த முகத்தை மறுபடி பார்த்தாள், அழுகை வந்தது.

சாயங்காலம் இருவரும் வீடு திரும்பும்போது வாசகசாலை முன்னால் செயலாளர் குஞ்ஞுமோன் நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்தார். "ஒருத்தன்! ஒரே ஒருத்தன் இன்னும் நாலு இழுப்பு இழுத்திருந்தா நம்ம கோப்பைடா அது!"

உதயன் நிற்கவில்லை. வீட்டுக்கு வந்து குளித்தான், வேட்டி மாற்றினான், மரவள்ளிக்கிழங்குக்கும் மத்திக் குழம்புக்கும் முன்னால் வந்து உட்கார்ந்தான். காமிரா ஜன்னலோரம் இருந்தது.

"கிடைச்சுதா?"

"தண்ணி மறைச்சிடுச்சு சேட்டா."

"இந்த வருஷமுமா?"

"இந்த வருஷமும்."

அவன் காமிராவைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். வலது கை மடியிலேயே கிடந்தது. ஓமனா தட்டை அவனுடைய இடது பக்கமாக நகர்த்தி வைத்தாள்.