சொந்தச் சுவர்

மேலேயிருந்து கையகலக் காரைத் துண்டு பெயர்ந்து மூத்த மகள் பெரியவளின் நெற்றியில் விழுந்தபோது, பயில்வான் அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தான். பேர்தான் பயில்வான், ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு. கட்டடம் இடிக்கிற வேலை. கூட்டாளிகள் கேலிக்கு வைத்த பேர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

ரத்தம் புருவத்தில் வழிந்தது. பெரியவள் அழவில்லை. தம்பி வாண்டுதான் அவளுக்கும் சேர்த்து அலறினான். மேலே மறுபடியும் தொம்மென்று ஒரு அடி. கீழே ஆள் இருக்கும்போதே மாடி வீட்டை இடிக்கிறார்கள்! காலி செய்ய மாதக் கடைசிவரை கோர்ட்டு அவகாசம் கொடுத்திருந்தது. வீட்டுக்காரருக்கு அவ்வளவு பொறுமை ஏது? அவர் பிடித்த ஆள் யார் என்கிறீர்கள்? பயில்வானுக்குத் தினமும் வேலை கொடுக்கிற அதே மேஸ்திரி. அந்தப் பாவிக்குக் கீழே யார் குடியிருக்கிறார்கள் என்று நன்றாகவே தெரியும்.

"துணியை அழுத்திப் பிடிச்சுக்கோம்மா. தம்பியைக் கூட்டிக்கிட்டுக் கட்டிலுக்கு அடியில போய் இரு," என்று சொல்லிவிட்டு, சம்மட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறினான்.

ஏற்கெனவே ஒருத்தன் தாடையை உடைத்துவிட்டு ஜெயிலுக்குப் போய் வந்தவன் அவன். "இன்னொரு தடவை உள்ளே போனீங்கன்னா, அப்பன் இருந்தும் இல்லாத பிள்ளைங்களாயிடும்," என்று மனைவி காலையில் வேலைக்குக் கிளம்பும்போதுகூடச் சொல்லிவிட்டுத்தான் போனாள். அது ஞாபகம் இல்லாமல் இல்லை. ஆனால் பெண்ணின் ரத்தம் விரலில் பிசுபிசுத்தது.

"என்னடா பயில்வான், மூட்டை கட்டியாச்சா?" என்று மேஸ்திரி இளித்தான். இளித்த வாயிலேயே விழுந்தது குத்து. இரண்டு பல் போயிற்று. தடுக்க வந்த ஆளின் நெஞ்சில் முழங்கையால் ஒரு இடி. இன்னொருத்தன் நமக்கேன் வம்பு என்று ஒதுங்கிக்கொண்டான். பயில்வான் மேஸ்திரியைச் சட்டையோடு தூக்கிச் சுவரில் மோதினான். சரிந்து உட்கார்ந்தவனின் மண்டைக்கு நேரே சம்மட்டியை ஓங்கினான்.

"வேணாம்டா, நான் பிள்ளைகுட்டிக்காரன்!"

"என் பிள்ளை மண்டை உடைஞ்சிருக்குடா!"

கொன்றுவிட வேண்டும் போலிருந்தது. சத்தியமாக ஆசையாகவே இருந்தது.

அப்போதுதான் கீழேயிருந்து சத்தம். தொம், தொம். தொம், தொம். அடி விழுகிற சத்தத்தை வைத்தே அது யார் கை என்று சொல்லிவிடுவான் பயில்வான். இது ஜோடி அடி. எதிரெதிரே நின்று, ஒருத்தன் ஓங்கும்போது மற்றவன் போடுவது. வேலையில் பழம் தின்று கொட்டை போட்ட இரண்டு பேரால்தான் முடியும். அப்படியானால் இன்னொரு கூட்டம் வீட்டுக்குள் புகுந்துவிட்டது! மேஸ்திரியை அப்படியே போட்டுவிட்டுச் சம்மட்டியோடு தலைதெறிக்க இறங்கினான்.

வீட்டுக்குள் ஒரு கூட்டமும் இல்லை. சமையலறைக்கும் அறைக்கும் நடுவே இருந்த சுவருக்கு முன்னால், நெற்றியில் துணி கட்டிய பெரியவள் கைச்சுத்தியலோடு ஒரு பக்கம், வாண்டு இரும்புக் குழாயோடு ஒரு பக்கம். சாப்பாட்டுத் தட்டில் அந்தத் தாளத்தை விளையாட்டாகத் தட்டிப் பழக்கியது வேறு யாருமில்லை, அவனேதான்.

"என்னடி பண்றீங்க?"

"எப்படியும் இடிக்கத்தானேப்பா போறாங்க? நம்ம வீட்டை அவங்க எதுக்கு இடிக்கணும்? நாமளே இடிச்சுடலாம்."

"இதுல கிறுக்குனதுக்குத்தான் அன்னிக்கு என்னை அடிச்சீங்க!" என்று வாண்டு பழி வாங்குகிற மாதிரி ஓங்கி ஒரு போடு போட்டான்.

பயில்வானுக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சுவரைத் தட்டிப் பார்த்தான். வெறும் தடுப்புச் சுவர், விழுந்தாலும் கூரைக்கு ஒன்றும் ஆகாது. வாண்டைத் தன் கைகளுக்கு நடுவே நிறுத்திச் சம்மட்டியைச் சேர்த்துப் பிடிக்க வைத்தான். அடித்தார்கள். செங்கல் தெறித்தது. தூசியில் மூன்று பேரும் மாவில் விழுந்த பூனைகள் போல ஆனார்கள். மாதக்கணக்கில் பயந்து பயந்து கிடந்த வீட்டில் அப்படி ஒரு கும்மாளம். அந்தச் சந்தோஷத்தை அவன் எதற்காகவும் விட்டுக்கொடுத்திருக்க மாட்டான்.

"அப்பா!" என்று பெரியவள் கத்தினாள்.

வாசலில் மேஸ்திரி. வாயெல்லாம் ரத்தம், ஓங்கிய கடப்பாரை. திரும்பி அடிக்க நேரம் இருந்தது. கையில் சம்மட்டியும் இருந்தது. ஆனால் அதன் பிடியில் வாண்டின் விரல்களும் இருந்தன. பயில்வான் குனிந்து பையனை மூடிக்கொண்டான். கடப்பாரை தோளில் இறங்கியது. எலும்பு முறிந்தது அவன் காதிலேயே விழுந்தது.

பயில்வான் திருப்பி அடிப்பான் என்று மேஸ்திரி தயாராக நின்றான்.

"உன் பல்லுக்கு இது சரியாப் போச்சு," என்றான் பயில்வான், பல்லைக் கடித்துக்கொண்டு. "போலீசு கீலீசு எதுவும் வேணாம். மாசக் கடைசியில போயிடறோம். அதுவரைக்கும் மாடியில கை வைக்காதே."

மேஸ்திரி பெரியவளின் நெற்றியைப் பார்த்தான். கடப்பாரையை இழுத்துக்கொண்டு போய்விட்டான்.

பயத்தில் ஒட்டிக்கொண்டிருந்த வாண்டு, ஆள் போனதும் துள்ளினான். "அடிங்கப்பா, இன்னும் கொஞ்சம்தான் நிக்குது!"

பயில்வான் சிரித்துக்கொண்டே ஓங்கப் பார்த்தான். கை எழும்பவில்லை. கண்ணில் நீர் முட்டியது. அதையும் சிரிப்பென்றே நினைத்து வாண்டு இன்னும் பலமாகச் சிரித்தான்.

பெரியவள் சிரிக்கவில்லை. இரண்டு கையாலும் சம்மட்டியை அவனிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

"நீங்க உக்காருங்கப்பா. எங்க அடிக்கணும்னு மட்டும் சொல்லுங்க."