இதாராவின் வெற்றுச் சுவர்

கூரை ஒழுகும் பின்னறையிலிருந்து மூன்றாவது வாளித் தண்ணீரைக் கொண்டுபோய் வெளியே கொட்டிவிட்டு இதாரா திரும்பியபோது, கவுண்டரில் நின்றிருந்த அம்மாள் குடையை விரித்துக்கொண்டு நூலகத்துப் படிகளில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தாள்.

"என்ன கேட்டாங்க?" என்றாள் இதாரா.

"எண்பத்தொண்ணாம் வருஷ அரசு கெஜட்டாம்," என்றார் எழுத்தர் அசுக்வோ, காதைக் குடைந்தபடி. "நாளைக்குக் காலைல கோர்ட்ல காட்டணுமாம். இல்லைன்னா கொழுந்தன் வீட்டைப் பிடுங்கிக்குவானாம். பாவம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நம்மகிட்ட எண்பத்தேழுலேர்ந்துதானே இருக்கு. கலாபாருக்குப் போகச் சொன்னேன்."

இதாரா வாளியைக் கீழே வைத்தாள். எண்பத்தேழில்தான் இந்த மாநிலமே பிறந்தது. அதற்கு முன்பு இந்த ஊர் நிலத்தைப் பற்றிய ஒவ்வொரு அறிவிப்பும் கலாபாரைத் தலைநகராகக் கொண்ட பழைய மாநிலத்தின் கெஜட்டில்தான் வந்தது. அந்தத் தொகுப்புகளை நனையவிடாமல் காக்கத்தான் அவள் காலையிலிருந்து வாளி தூக்கிக்கொண்டிருக்கிறாள்.

"பின்னறையில இருக்கே சார்! எத்தனை தடவை சொல்லியிருக்கேன்!"

"அதுல பழைய மாநிலப் பேருல்ல சிஸ்டர் போட்டிருக்கு? அது கலாபார்க்காரங்களோடது. அடுத்தவங்க பொருளை நான் தொடமாட்டேன்."

அவர் தலைக்கு மேல் பதினோரு சான்றிதழ்கள் கண்ணாடிக்குள் மின்னின. மூன்று வாரக் கணினிப் பயிற்சி, தம்பதியர் ஆலோசனைக் கருத்தரங்கு, இரத்த தானம். நடுவில், தங்க விளிம்போடு, அவருடைய திருச்சபை கொடுத்த கௌரவ டாக்டர் பட்டம். 'தகுதி பெற்ற ஊழியர்கள் சான்றிதழ்களைத் தம் இருக்கை அருகே மாட்ட வேண்டும்' என்று இயக்குநரின் சுற்றறிக்கை வந்த மறுநாளே சுத்தியலோடு வந்தவர் அவர்தான். இந்தக் கட்டடத்தில் நூலகவியல் படித்தவள் இதாரா ஒருத்திதான். அவளுடைய முதுகலைப் பட்டம் இரண்டு வருடமாக மேசை இழுப்பறையில் கிடந்தது. கேட்டதை எடுத்துக் கொடுத்தால் போதாதா, எடுத்துக் கொடுக்கும் கைக்கு விளம்பரம் வேறா என்பது அவள் எண்ணம். தன்னை மதியுங்கள் என்று சுவரில் எழுதி வைப்பது பிச்சை கேட்பதுபோல் அவளுக்குக் கூசியது.

மழையில் பேருந்து நிலையத்துக்கு ஓடினாள். கலாபார் வண்டியின் இரண்டாவது வரிசையில் அந்த அம்மாள் பையை மடியில் அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, இறங்குங்க. நீங்க தேடுற கெஜட் எங்க நூலகத்துலயே இருக்கு."

அம்மாள் அவளுடைய ரப்பர் செருப்பையும் நனைந்த பாவாடையையும் பார்த்தாள். "நீ யாரு மகளே?"

"நான்தான் அங்க நூலகர்."

"தரை துடைச்சுட்டிருந்தியே, அந்தப் பொண்ணுதானே? டாக்டரே அது இல்லைன்னுட்டாரும்மா."

"அவர் டாக்டர் இல்லை!"

"எல்லாம் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கே, நான் பாத்தேனே. உன்னோடது எங்க இருக்கு?"

இதாரா கைப்பையைக் குடைந்து, மூலை மடிந்த நூலகர் பதிவு அட்டையை எடுத்து நீட்டினாள். அம்மாள் கண்ணிலிருந்து தள்ளிப் பிடித்துப் படித்தாள்.

"புஸ்தகத்தை அடுக்கிவைக்கவுமா லைசென்ஸ் குடுக்கறாங்க?"

பக்கத்து இருக்கைக்காரர் பெரிதாகச் சிரித்தார். நடத்துநர் எட்டிப் பார்த்தான். "அம்மா, இன்னும் எட்டு பேர் ஏறணும். மத்தியானத்துக்கு முன்னாடி வண்டி எடுக்கமாட்டேன். போய்த்தான் பாத்துட்டு வாங்களேன். உங்க சீட்டுல பையை வைங்க."

அட்டைக்காக அல்ல, கிளம்பாத வண்டிக்காகத்தான் அவள் இறங்கினாள். பையை மட்டும் விட்டுவைக்கவில்லை. வழியில் இதாரா அவளிடம் கணவர் பெயரையும் நிலம் இருக்கும் இடத்தையும் கேட்டுக்கொண்டாள்.

எண்பத்தொன்றாம் ஆண்டுத் தொகுப்பின் முன்பக்கங்களை இதாரா புரட்டவேயில்லை. நில அறிவிப்புகளெல்லாம் இணைப்புகளாகக் கடைசியில் சேர்த்துக் கட்டப்பட்டிருக்கும். ஓரம் ஈரமாகியிருந்த தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். இருபது நிமிடத்தில் கிடைத்தது: பள்ளிக்காக எடுத்த நிலத்தில் இப்போது அந்த வீடு நிற்கும் பகுதியை அரசு திருப்பிக் கொடுத்த அறிவிப்பு, எல்லைக் கல் எண்களோடு, அம்மாளின் கணவர் பெயரோடு.

அம்மாள் அந்தப் பெயரின் மேல் விரலை வைத்தாள். வெகுநேரம் எடுக்கவில்லை. இதாராவும் அவசரப்படுத்தவில்லை. வாளியில் சொட்டுகள் விழுந்துகொண்டிருந்தன.

நகல் எடுத்து முத்திரை குத்திக் கொடுத்ததும் அம்மாள் நேராகக் கவுண்டருக்குப் போனாள். இரண்டு கைகளாலும் அசுக்வோவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டர், கடவுள் உங்களை நல்லா வைக்கணும். மழையில ஆளை அனுப்பி என்னைக் கூட்டிட்டு வந்தீங்களே!"

"பரவாயில்லைம்மா, பரவாயில்லை. நம்ம கடமைதானே," என்றார் அசுக்வோ.

அம்மாள் போனபிறகு இதாரா இழுப்பறையைத் திறந்தாள்.

"சார், சுத்தியல் குடுங்க."

அசுக்வோ நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "அப்படிச் சொல்லு சிஸ்டர்! கடைசியில புத்தி வந்துச்சே. ஆனா என் சுவர்ல இடமில்லை பாத்துக்க."

அவள் அவர் சுவர்ப் பக்கம் போகவில்லை. தன் இருக்கைக்குப் பின்னாலும் மாட்டவில்லை. பின்னறைக் கதவில் ஆணி அடித்தாள். பட்டத்தை மாட்டி, அதன் கீழே ஓர் அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினாள்: 'எண்பத்தேழுக்கு முந்தைய கெஜட்டுகள் இங்கேயே உள்ளன. இவரைக் கேட்கவும்.' நாளைக்கு இன்னொருத்தி கலாபார் வண்டி ஏறாமல் இருக்க இதுவாவது உதவட்டும். கூச்சம் அப்படியேதான் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று துடைப்பானை எடுத்தாள்.

அரைமணி நேரம் கழித்து ஒரு பள்ளி ஆசிரியர் உள்ளே வந்தார். கதவருகே நின்று பட்டத்தை மேலிருந்து கீழ்வரை மரியாதையோடு படித்தார். அட்டையையும் படித்தார். பிறகு, தரை துடைத்துக்கொண்டிருந்தவள் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, இந்த மேடம் எப்ப வருவாங்க?"

இதாரா நிமிர்ந்தாள். அவரைப் பார்த்தாள். பட்டத்தைப் பார்த்தாள். துடைப்பானைக் கதவில் சாய்த்து வைத்தாள்.

"வந்துட்டாங்க," என்றாள். "எந்த வருஷம் வேணும்?"