முழு டேங்க்

அண்ணனைக் குளிப்பாட்ட நீர்மாலைக் குடத்தோடு நடையேறப் போன கொழுந்தன் விஜயசங்கரை உமாதேவி நிலைப்படியிலேயே மறித்தாள்.

"குடத்தக் கீழ வையி. ஒங்க அண்ணனுக்கு நீ தண்ணி ஊத்த வேண்டாம். கொள்ளியும் வைக்க வேண்டாம்."

ஈர வேட்டியோடு நின்றவன் தலையைத் தூக்கவில்லை. பந்தலில் சங்கு நின்றது. மூத்த நாத்தனார் இராமலட்சுமிதான் பதறிக்கொண்டு வந்தாள்.

"ஏட்டி உமா, ஊரே பாக்குது. பிள்ளையில்லாதவனுக்குக் கூடப்பிறந்த தம்பிதானட்டி வைக்கணும்?"

"சுரண்டையிலருந்து பங்காளி ரவி வாராம்லா, அவன் வைக்கட்டும். கொன்னவன் கையால வேண்டாம்."

சொல்லிவிட்டாள். நேற்றுச் சாயங்காலத்திலிருந்து நெஞ்சுக்குள் கிடந்து புழுங்கியது வெளியே வந்ததும் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

கூடத்தில் அவள் புருசன் வல்லிநாயகம் கிடந்தார். அவர் கட்டிய பொம்மை விமானம் பீரோ மேல் இருந்தது, சனியன், ஒரு கீறல் இல்லாமல். மாதக்கணக்கில் இழைத்து, ஒட்டி, வீடெல்லாம் இன்ஜினுக்குக் கலக்கிற ஆமணக்கெண்ணெய் நாற்றம். ஆள் நடுவில் கைப்பிடியோடு நிற்க, இரண்டு கம்பிகளின் முனையில் அது வட்டமடிக்கும். கையை விட்டால் கம்பியோடு பிய்த்துக்கொண்டு எங்கேயாவது போய் மோதும். நெஞ்சு வலிக்கும்போது விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே மனுசன்!

"எவ்வளவு எண்ணெ ஊத்துன?" என்று கேட்டாள்.

அவன் குடத்தைக் கீழே வைத்தான்.

"புதுப் பிளேனுக்கு மொதத் தடவ கால் டேங்குதான், கோளாறுன்னா சட்டுன்னு எறங்கிரும்னு அவரு சோத்துல கை வச்சிக்கிட்டே சொல்லுவாரு. எனக்கே மனப்பாடம். எண்ணெ தீராம அது எறங்காதுன்னு ஒனக்குத் தெரியாதோ? எவ்வளவு ஊத்துன, சொல்லுலே!"

கொழுந்தனை அவள் அதுவரை 'லே' போட்டுப் பேசியதில்லை.

"முழுசும் ஊத்திட்டேன் மதினி. வீடியோ நீளமா வரட்டும்னு... அண்ணனுக்குத் தெரியாது."

"எங்க அந்த வீடியோ?"

"வேண்டாம் மதினி."

"கொண்டா இங்கன."

பந்தல் காலில் தொங்கிய சட்டையிலிருந்து போனை எடுத்து வந்து கொடுத்தான்.

ஐந்தருவி ரோட்டுப் பொட்டல். பின்னால் மேகம் மூடிய மலை. இன்ஜின் போட்ட இரைச்சலில் பந்தலே திரும்பிப் பார்த்தது. வல்லிநாயகம் சிரித்துக்கொண்டே சுற்றினார். சுற்றுக்குச் சுற்று விமானம் போனுக்கு முன்னால் உரசுகிற மாதிரி பாய்ந்து போனது. கிறுக்குப்பயல், அவ்வளவு பக்கத்தில் போய் நின்றிருக்கிறான். சிரிப்பு சட்டென்று மாறியது. அவர் ஒரு முட்டியை ஊன்றினார். வலது கை மட்டும் இறங்கவில்லை. முட்டியிலேயே திரும்பித் திரும்பி விமானத்தை ஓட்டினார்.

"சூப்பர்ண்ணே! முட்டி போட்டே ஓட்டுதாரு பாருங்க எங்கண்ணன்!" என்றது போனுக்குள் விஜயசங்கரின் குரல்.

அவர் இடது கையைத் தூக்கி ஆட்டினார். விலகிப் போ, விலகிப் போ என்று தள்ளுகிற கை. படத்தின் ஓரத்தில் விஜயசங்கரின் கையும் தெரிந்தது. அது டாட்டா காட்டியது.

எண்ணெய் தீர்ந்து இரைச்சல் அடங்கியது. விமானம் தரையில் பதமாக இறங்கி நின்றது. அதற்குப் பிறகுதான் அவர் சாய்ந்தார்.

விட்டால் தம்பி மேல் பாயும் என்றுதான் அந்த மனுசன் விடவில்லை. இவன் தெரியாமல்தான் செய்திருக்கிறான். அதனால் அவளுக்கு வயிற்றெரிச்சல் ஆறிவிட்டதா? ஒரு பொட்டுகூட இல்லை.

"கொள்ளி நீயே வை," என்றாள். "ஒன்னயக் காப்பாத்திட்டுப் போயிருக்காரு, நீதான் வைக்கணும். வச்சிட்டு இந்த நடையேறாத. நான் செத்தாலும் வராத."

இராமலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டாள். சங்கு மறுபடி ஊதியது. விஜயசங்கர் குனிந்து குடத்தைத் தூக்கினான். தண்ணீர் தளும்பியதில் நிலைப்படி நனைந்தது. அவள் விலகி வழிவிட்டாள்.

போன் அவள் கையிலேயே இருந்தது. படம் திரும்பவும் முதலிலிருந்து ஓடத் தொடங்கியது. வல்லிநாயகம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பு மாறுவதற்குள் உமாதேவி விரலை வைத்து நிறுத்தினாள்.